டோட்டல் லாஸ் ஆகித் தேறி வந்த கார்: கம்பெனி வாரண்டி கிடைத்ததா?

அல்சூர் உறுப்பினர் (இழையைத் தொடங்கியவர்)

பெங்களூரில் பழைய கார் தேடும் நம்மவர்கள் பலருக்கும் இப்படி ஒரு கார் கண்ணில் பட்டிருக்கும். வயது இரண்டு வருடத்துக்குள். ஓடிய கிலோமீட்டர் குறைவு. பெயிண்ட் புதுசு போல மின்னும். விலை மட்டும் மற்ற கார்களை விட ஒன்றரை, இரண்டு லட்சம் இறங்கியிருக்கும். ஏன் என்று கேட்டால், "ஒரு இன்சூரன்ஸ் கிளைம் இருக்கு சார், மத்தபடி கம்பெனி வாரண்டி இன்னும் ஓடுது" என்பார்கள். அந்த வாரண்டி உண்மையில் ஓடுகிறதா என்பதற்காகத்தான் இந்த இழை. சரிசெய்யும் செலவு கட்டுப்படியாகாது என்று இன்சூரன்ஸ்காரர்கள் டோட்டல் லாஸ் (முழு நஷ்டம்) போட்டு முடித்த காரைச் சரிசெய்து ஓட்டுகிறவர்கள், சர்வீஸ் சென்டரில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். நல்லதும் எழுதுங்கள், கெட்டதும் எழுதுங்கள்.

நான் தொடங்குகிறேன். என் தங்கை வீட்டுக்காரர் அப்படி ஒரு கார் வைத்திருக்கிறார். முதல் உரிமையாளர் அவருடைய ஆபீஸ் நண்பர்தான், அதனால் எதையும் மறைக்கவில்லை. அத்திப்பள்ளி பக்கம் லாரியின் பின்னால் மோதி, முன்பக்கம் நசுங்கி, இரண்டு ஏர்பேக்கும் வெடித்துவிட்டன. கம்பெனி ஒர்க்‌ஷாப் போட்ட எஸ்டிமேட் எல்லையைத் தாண்டியதால் டோட்டல் லாஸ். நண்பர் வண்டியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, சால்வேஜ் விலையை, அதாவது அடிபட்ட நிலையில் வண்டிக்குப் போட்ட விலையைக் கழித்து மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டார். அதை இவர் வாங்கி, வில்சன் கார்டனில் தெரிந்த கேரேஜில் வேலை பார்த்தார். ஏர்பேக், அதன் கண்ட்ரோல் மாட்யூல், சீட் பெல்ட் எல்லாம் கம்பெனி பார்ட்ஸ் கவுண்டரில் பில்லோடு வாங்கிய புதுசு.

சில மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஃபியூயல் பம்ப் போய்விட்டது. அது பின் சீட்டுக்கு அடியில், டேங்குக்குள் இருக்கும் சாமான். முன்னால் வாங்கிய அடிக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. சர்வீஸ் சென்டரில் அட்வைசர் சேசிஸ் நம்பரை அடித்தார், திரையைப் பார்த்தார், "இது டோட்டல் லாஸ் வண்டி, எதுக்கும் வாரண்டி வராது" என்று சொல்லிவிட்டார்.

நானும் கூடப் போயிருந்தேன். வாரண்டி புத்தகத்தை அவர் முன்னாலேயே திறந்து, எந்த நிபந்தனைப்படி மறுக்கிறீர்கள் என்று கேட்டோம். விபத்து, வெள்ளம், தீ இவற்றால் வந்த சேதம் சேராது என்று இருந்தது. வெளியே செய்த வேலையாலோ, கம்பெனி அல்லாத பார்ட்ஸாலோ வரும் கோளாறு சேராது என்று இருந்தது. டோட்டல் லாஸ் என்றாலே வாரண்டி முழுதாக ரத்து என்று அந்தப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. "சரி, மறுப்பதை ஜாப் கார்டில் காரணத்தோடு எழுதிக் கொடுங்கள்" என்றோம். அப்போதுதான் பேச்சின் தொனி மாறியது. சர்வீஸ் மேனேஜர் வந்தார்.

முதல் உரிமையாளரிடம் சர்வேயர் (இன்சூரன்ஸுக்காகச் சேதத்தை மதிப்பிடுபவர்) ரிப்போர்ட் நகல் இருந்தது. சேதமான பாகங்களின் பட்டியலில் பின்பக்கத்து சாமான் எதுவும் இல்லை. அதையும், டேங்க் பக்கத்துப் படங்களையும், பார்ட்ஸ் பில்களையும் வைத்து கார் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மெயில் அனுப்பினோம். கம்பெனி இன்ஜினியர் ஒருவர் வந்து பார்த்து அனுமதி கொடுத்தார். பம்ப் இலவசமாக மாறியது. கூடவே, முன்பக்க ஒயரிங், ரேடியேட்டர், ஏசி கண்டென்சர், ஸ்டீயரிங், ஏர்பேக் இவற்றுக்கு இனி வாரண்டி கிடையாது என்றும் எழுதினார்கள். அது நியாயம் என்றே எங்களுக்குப் பட்டது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் டோட்டல் லாஸ் என்றதும் கார் தேறாது என்று நினைக்கிறார்கள். பழுதுபார்க்கும் செலவு ஐடிவியில் (பாலிசியில் காருக்குப் போட்டிருக்கும் மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் பாலிசிப்படி அது டோட்டல் லாஸ். ஒரு வருடம் தாண்டி இரண்டு வருடத்துக்குள் இருக்கும் காருக்கு ஐடிவியில் 20 சதவீதம் தேய்மானம் கழியும். 10 லட்சம் விலைப்பட்டியல் கார் 8 லட்சம் ஆகும். எல்லை 6 லட்சம். கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் எல்லாமே புதுப் பார்ட்ஸ், லேபர், ஜிஎஸ்டி என்று போட்டால் 6 லட்சம் சீக்கிரம் வந்துவிடும். நான்கு வயதைத் தாண்டிய காருக்குத் தேய்மானமே 50 சதவீதம், அதனால் எல்லை இன்னும் கீழே இறங்கும். அதாவது இன்சூரன்ஸ்காரர் பார்த்தது பணத்தை. வாரண்டி என்பது கார் கம்பெனி தந்த வாக்கு. முதலாவது நடந்தது என்பதற்காக இரண்டாவது தானாகச் செத்துவிடுகிறது என்று யாராவது சொன்னால், எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.


சர்ஜாபூர் ரோடு உறுப்பினர்

என்னுடையது விற்றவன் பக்கத்துக் கதை. 2022 செப்டம்பர் முதல் வாரத்து மழை ஞாபகம் இருக்கும். பெல்லந்தூர், யெமலூர் எல்லாம் டிராக்டரில் ஆட்களை ஏற்றிப் போனார்களே, அந்த மழை. எங்கள் அப்பார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்டில் தண்ணீர் டேஷ்போர்டுக்கு மேலே நின்றது. யாரும் ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று அசோசியேஷன் வாட்ஸ்அப்பில் நானே திரும்பத் திரும்பப் போட்டேன். தண்ணீர் புகுந்த இன்ஜினைச் சுழற்றினால் கனெக்டிங் ராடு வளையும், அதற்குத் தனியாக இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் இன்சூரன்ஸ் எடுத்திருக்காவிட்டால் பணம் வராது.

என் காரை டோட்டல் லாஸ் என்று எடுத்துக்கொண்டார்கள். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-இல் கையெழுத்து வாங்கினார்கள், இரண்டு சாவியும் கொடுத்தேன். அப்புறம் ஆன்லைன் ஏலத்தில் போயிருக்கிறது.

நெடுநாள் கழித்து ஒரு போன். வட கர்நாடகத்திலிருந்து ஒருவர், கன்னடத்தில் மிக மரியாதையாகப் பேசினார். பழைய ஆர்சி நகலிலிருந்து என் நம்பரைக் கண்டுபிடித்திருக்கிறார். "ஏசியும் மியூசிக் சிஸ்டமும் அடிக்கடி நின்றுபோகிறது, வாரண்டி கேட்டால் முதல் ஓனரிடம் விசாரித்து வா என்கிறார்கள். இந்தக் காருக்கு என்ன ஆயிற்று சார்?" என்று கேட்டார். பம்பர் தேய்ந்த கிளைம் என்று சொல்லி அவரிடம் விற்றிருக்கிறார்கள். வெள்ளத்தில் நின்ற கார் என்று நான் சொன்னபோது அந்தப் பக்கம் நீண்ட நேரம் சத்தமே இல்லை. மகள் கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியதாம்.

என்னிடம் இருந்த சர்வேயர் போட்டோக்களை அவருக்கு அனுப்பினேன். வாரண்டி அவருக்குக் கிடைக்கவில்லை, கிடைக்கவும் வழியில்லை. ஒயரிங் கனெக்டருக்குள் பச்சை பூத்திருந்தால் அது தண்ணீர்ச் சேதம், புத்தகத்தில் முதலில் விலக்கி வைத்திருப்பதே அதைத்தான். ஆனால் அந்தப் போட்டோக்களை வைத்து விற்றவரிடம் பேசி, பணத்தில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கினார் என்று பிறகு சொன்னார்.

இன்னொன்று. டோட்டல் லாஸில் கார் கொடுத்தவர்கள், ஆர்சி வேறு பெயருக்கு மாறிவிட்டதா என்று பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் போய்ப் பாருங்கள். ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தக் கார் எங்காவது மோதினால் நோட்டீஸ் நம் வீட்டுக்குத்தான் வரும்.


பொம்மனஹள்ளி உறுப்பினர்

நான் ஓசூர் ரோட்டில் ஒரு கம்பெனி டீலரின் பாடி ஷாப்பில் அட்வைசராக இருந்தவன். இப்போது அந்த வேலையில் இல்லை. உள்ளே எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், அல்சூர் அண்ணன் கேட்ட கேள்விக்கு அதில் பாதி பதில் இருக்கிறது.

விபத்து வண்டி வந்ததும் சேசிஸ் நம்பரில் ஜாப் கார்டு திறப்போம். எஸ்டிமேட், சர்வேயர் வந்த தேதி, போட்டோ எல்லாம் அதில் ஏறும். இன்சூரன்ஸ்காரர் டோட்டல் லாஸ் என்று மெயில் அனுப்பினால், பழுது பார்க்காமலே அந்தக் கார்டை மூடுவோம், காரணத்தையும் எழுதுவோம். வண்டி ஏலத்தில் எங்கே போனாலும், யார் கையில் எந்த ஊரில் இருந்தாலும், அதே கம்பெனியின் எந்த டீலரிடம் போனாலும் அந்த வரி தெரியும். நம்பர் பிளேட் மாறலாம், சேசிஸ் நம்பர் மாறாது.

அந்த வரியைப் பார்த்ததும் அட்வைசர் ஏன் முடியாது என்கிறார்? வாரண்டி வேலைக்கான பணத்தை டீலர் கம்பெனியிடம் கிளைம் செய்துதான் வாங்க வேண்டும். கம்பெனி அதைத் தள்ளிவிட்டால் நஷ்டம் டீலருக்கு. அதனால் சந்தேகம் உள்ள வண்டி என்றால் முதலிலேயே மறுத்துவிடுவது சுலபம். பல அட்வைசர்களுக்குக் கம்பெனியைக் கேட்கலாம் என்பதே தோன்றாது, நேரமும் இருக்காது. ஆகவே அட்வைசர் சொன்னது கம்பெனியின் பதில் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். கம்பெனி இன்ஜினியர் வந்து பார்த்தபின் சம்மதித்ததை நானே பார்த்திருக்கிறேன், மறுத்ததையும் பார்த்திருக்கிறேன்.

மறுத்தவற்றில் நியாயமானவை நிறைய. ஒரு கார் வந்தது, ஸ்டார்ட் செய்தால் ஏர்பேக் லைட் எரிந்து ஒழுங்காக அணைகிறது. ஸ்கேனர் போட்டால் கோளாறு இல்லை என்றே காட்டுகிறது. சந்தேகம் வந்து ஸ்டீயரிங் மூடியைக் கழற்றினால் உள்ளே ஏர்பேக்கே இல்லை, கனெக்டரில் ஒரு ரெசிஸ்டரைச் சொருகி மாட்யூலை ஏமாற்றியிருந்தார்கள். வாங்கியவர் ஒரு இளம் தம்பதி, கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள். அந்தம்மா முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவர்கள் வந்தது ஏதோ ஜன்னல் மோட்டார் வாரண்டிக்காக. இந்த மாதிரி வேலை செய்கிறவர்கள் கொலைக்குத் துணிந்தவர்கள் என்றுதான் சொல்வேன்.

எக்ஸ்டெண்டட் வாரண்டி வேறு விஷயம். அது தனியாகப் பணம் கட்டி வாங்கும் ஒப்பந்தம், அதன் நிபந்தனைகள் தனி. டோட்டல் லாஸ் ஆனால் அது முடிந்துவிடும் என்று பலவற்றில் வெளிப்படையாகவே இருக்கும். அதையும் கம்பெனி வாரண்டியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். ரீகால் மூன்றாவது விஷயம். கம்பெனி தன் தயாரிப்புக் குறைக்காகத் திரும்ப அழைப்பது அது. டோட்டல் லாஸ் ஆன காராக இருந்தாலும், அந்தக் குறையுள்ள பாகம் காரில் இருந்தால் அழைப்பு அதற்கும் பொருந்தும். கம்பெனி இணையதளத்தில் சேசிஸ் நம்பர் போட்டுப் பாருங்கள்.


கம்மனஹள்ளி உறுப்பினர்

அண்ணா, நான் வாங்குவதற்கு முன்னாலேயே தப்பித்தவள், அதனால் சின்னதாக எழுதுகிறேன். கார் பார்க்கப் போனபோது சேசிஸ் நம்பரும் சர்வீஸ் ஹிஸ்டரியும் கேட்டேன். ஹிஸ்டரி தருகிறேன் என்று சொல்லி ஒரு எக்ஸெல் ஷீட்டைக் காட்டினார்கள். நான் அதை ஏற்கவில்லை. காரை என் செலவில் கம்பெனி சர்வீஸ் சென்டரில் காட்டிவிட்டு முடிவு சொல்கிறேன் என்றதும், வேறு பார்ட்டி வந்துவிட்டது என்றார்கள்.

அதற்கு முன்பே எனக்குச் சந்தேகம் கொடுத்தது பாலிசிதான். ஒரே ஓனர், இரண்டாவது வருடத்துப் பாலிசி, ஆனால் நோ கிளைம் போனஸ் (கிளைம் எடுக்காததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) பூஜ்யம். கிளைம் இல்லாத முதல் வருடத்துக்குப் பிறகு அது 20 சதவீதம் இருக்க வேண்டும். கார் கை மாறியிருந்தால் போனஸ் பழைய ஓனரோடு போய்விடும், அது வேறு. ஒரே ஓனரிடம் பூஜ்யம் என்றால் முந்தைய வருடம் ஏதோ நடந்திருக்கிறது.


லண்டனில் அக்கா வீட்டுக்குப் போய் வந்த ஒரு உறுப்பினர்

அங்கே இன்சூரன்ஸ்காரர் முடித்த காருக்கு ஏ, பி, எஸ், என் என்று வகை உண்டு. எஸ் என்றால் உடல்கூட்டில் அடி, என் என்றால் அதில் அடி இல்லை. 2017 அக்டோபரிலிருந்து இந்த முறை. வாங்குகிறவர் சில பவுண்டு கட்டினால் தெரிந்துகொள்ளலாம். நம்முடைய ஆர்சியில் அப்படி ஒரு கட்டமே இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 55 நிரந்தரமாக உபயோகிக்க முடியாத வண்டியின் பதிவை ரத்து செய்யச் சொல்கிறது, 14 நாளில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. சரிசெய்யக்கூடிய வண்டி என்று சொல்லி ஏலத்தில் விற்கும்போது அது அந்தப் பிரிவுக்குள் வருவதில்லை. ஆர்சியோடு சுத்தமாகக் கை மாறுகிறது.


வில்சன் கார்டன் உறுப்பினர்

நான் கேரேஜ் வைத்திருப்பவன், என் அப்பா காலத்திலிருந்து. எங்கள் மேல் எல்லோரும் பாய்வதால் எழுதுகிறேன்.

டோட்டல் லாஸ் வண்டி எல்லாம் குப்பை இல்லை. பம்பர், ஹெட்லைட், பானெட், ரேடியேட்டர், டேஷ்போர்டு, ஏர்பேக் இவற்றின் புது விலையால் மட்டும் எல்லையைத் தாண்டும் வண்டிகள் வருகின்றன. சிவாஜிநகரில் நல்ல நிலையில் ஹெட்லைட்டும் பானெட்டும் கிடைக்கும், ஜேசி ரோட்டில் மீதி கிடைக்கும், பாதிக்கும் குறைவான செலவில் ஒழுங்காக நிற்கும். ஆனால் நான் தொடாத வண்டியும் உண்டு. ஏ பில்லர் (முன் கண்ணாடியின் பக்கத்துத் தூண்) மடங்கியது, தரை சுருங்கியது, கதவு திறந்து மூடும் இடைவெளி மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இருப்பது. இப்போதைய கார்களில் பில்லர் எல்லாம் மிகக் கடினமான ஸ்டீல். சூடாக்கி இழுத்தால் வடிவம் வரும், பலம் வராது. அடுத்த தடவை மோதினால் உள்ளே இருப்பவர்தான் விலை கொடுப்பார். ஏர்பேக், பெல்ட் இரண்டும் பழைய சாமான் போட மாட்டேன், எவ்வளவு கெஞ்சினாலும்.

வாரண்டி பற்றி என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது: நான் தொட்ட இடத்துக்கு நான் பொறுப்பு, எழுதியே தருகிறேன். தொடாத இடத்துக்குக் கம்பெனி பொறுப்பா என்பதை வண்டி வாங்கும் முன் கம்பெனியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வேலை ஆரம்பிக்கும் முன், நடுவில், முடிந்தபின் என்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கேரேஜ்காரன் எவனும் படம் எடுக்காதே என்று சொல்ல மாட்டான்.


மாரத்தஹள்ளி உறுப்பினர்

எலெக்ட்ரிக் கார் என்றால் என்ன செய்வது? நண்பன் ஒருவன் டோட்டல் லாஸ் ஈவி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான். பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1 லட்சத்து 60 ஆயிரம் கிலோமீட்டர் வாரண்டி, அது போதும் என்கிறான்.


பொம்மனஹள்ளி உறுப்பினர்

தம்பி, வேண்டாம் என்று சொல்லுங்கள். காரின் அடிப்பக்கம் அடிபட்டாலோ, தண்ணீரில் நின்றாலோ பாதிக்கப்படுவது பேட்டரி, ஈவியின் விலையில் ஒரு பெரிய பகுதியே அதுதான். பேக்கின் சீலை வெளியில் யாராவது திறந்திருந்தால் கம்பெனி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது, அதில் தப்பும் இல்லை. தண்ணீர் புகாது என்று காட்டும் ஐபி67 என்பதெல்லாம் ஒரு மீட்டர் நல்ல தண்ணீரில் அரை மணி நேரச் சோதனை. ராத்திரி முழுக்கச் சாக்கடைத் தண்ணீரில் நின்ற காருக்கு அது பதில் ஆகாது. சில கம்பெனிகள் இதை இன்னும் தெளிவாக எழுதிவிடுகின்றன. டெஸ்லாவின் வாரண்டி நிபந்தனைகளில் சால்வேஜ், வெள்ளம், டோட்டல் லாஸ் என்று முத்திரை விழுந்த கார் விலக்கப்படும் என்றே இருக்கிறது. நண்பர் பார்த்திருக்கும் காரின் புத்தகத்தை வாங்கி, அந்த மாதிரி வரி இருக்கிறதா என்று முதலில் படியுங்கள். இருந்தால் பேச்சே இல்லை.


அல்சூர் உறுப்பினர் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் நன்றி. பொம்மனஹள்ளி தம்பி எழுதிய ஏர்பேக் விஷயம் என்னைத் தூங்க விடவில்லை. தங்கை வீட்டுக் காரையும் இந்த வாரம் கம்பெனியில் கொடுத்து முழுதாகத் திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன், பில் இருந்தாலும் கண்ணால் பார்க்க வேண்டும்.

தனிச் செய்தியில் பலர் சட்டம் பற்றிக் கேட்டீர்கள். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகள் மீது 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டு ஒரு உத்தரவு கொடுத்தது. அதற்கு எதிராக மேல்முறையீடுகள் போயின. அதில் நமக்கு வேண்டிய பகுதி இது: வெளி கேரேஜில் வேலை செய்தார் என்பதற்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது, அந்த வேலையின் கோளாறால் வந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம். டோட்டல் லாஸ் கார் பற்றி அது நேரடியாகப் பேசவில்லை. ஆனாலும் நாங்கள் அனுப்பிய மெயிலில் இந்தக் கருத்தைக் குறிப்பிட்டோம், எந்தப் பாகம், எந்தக் காரணம் என்று கம்பெனியும் பாகம் பாகமாகத்தான் பதில் எழுதியது.

மறுப்பு கையில் எழுத்தாக வந்தபின் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்யலாம். அப்படியும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள். ஜேபி நகரில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் இதற்காகப் போக வேண்டாம். அது இன்சூரன்ஸ் கம்பெனி மீதான புகாருக்கு, உதாரணமாக ஐடிவியைக் குறைத்துக் கொடுத்தார்கள் என்றால் அங்கே போகலாம்.

இந்தக் கார்களை விற்கிறவர்களைப் பற்றி என் கருத்து மாறவில்லை. டோட்டல் லாஸ் ஆன கார் என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றால் அது நேர்மையான வியாபாரம். மறைத்து விற்றால் மோசடி, ஜன்னல் மோட்டாருக்காக வந்து ஏர்பேக் இல்லை என்று தெரிந்துகொண்ட அந்தத் தம்பதிக்கு நடந்தது வேறு எந்தப் பெயரிலும் வராது. வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் சர்வேயர் ரிப்போர்ட் நகல், வேலை நடந்த படங்கள், பார்ட்ஸ் பில், சேசிஸ் நம்பரைப் போட்டு "இந்தக் காருக்கு எந்தெந்தப் பாகத்துக்கு வாரண்டி உண்டு" என்று கேட்டதற்குக் கம்பெனி கொடுத்த மெயில், இந்த நான்கும் வந்தபின் முன்பணம் கொடுங்கள். மெயில் வரவில்லை என்றால் வாரண்டி சுத்தமாக இல்லை என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

ஜெயநகர், ராஜாஜிநகர் பக்கம் யாருக்காவது கியர்பாக்ஸ் வாரண்டியில் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். முன்பக்க அடியில் கியர்பாக்ஸை எந்தப் பக்கம் சேர்க்கிறார்கள் என்பது எங்களுக்கு இன்னும் முடிவாகவில்லை. தங்கை வீட்டுக் காரில் ஒரு சத்தம் கேட்கிறது.